வன்னியில் லைசன்ஸ் புதுப்பித்தல்: அட்டையின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியாகிவிட்டது என்பதை வன்னியில் பலர் வீதியில் மறிக்கும் பொலிஸார் சொல்லித்தான் முதலில் அறிகிறார்கள். அக்கறையீனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா முடக்கத்தின்போது, முடிந்துபோன லைசன்ஸ்களின் செல்லுபடிக்காலத்தை அரசாங்கம் பலமுறை நீடித்தது. அதன் பிறகு டொலர் நெருக்கடி வந்து அட்டைக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. கையில் கிடைத்தது கடதாசியில் அச்சிட்ட தற்காலிகப் பத்திரம்தான். "எப்படியும் நீடிப்பாங்கள்" என்ற எண்ணம் அந்த நாட்களில் ஊன்றியது. நீடிப்பு என்பது குறிப்பிட்ட திகதிகளுக்கு இடையில் முடிந்த பத்திரங்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட சலுகை. அது எல்லோருக்கும் எப்போதைக்குமான விதி அல்ல. உங்கள் அட்டையில் உள்ள திகதிதான் உங்கள் திகதி.

அந்தத் திகதி எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு லைசன்ஸுக்கு ஒரே முடிவுத் திகதி என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வாகன வகைக்கும் தனித்தனிக் காலம் உண்டு. மருத்துவச் சான்றிதழுக்கு வேறு காலம், தற்காலிகப் பத்திரத்துக்கு இன்னொரு காலம். இவை ஒன்றோடொன்று பொருந்தாதபோதுதான் சரியாக எல்லாம் செய்தவரும் மாட்டிக்கொள்கிறார்.

நான்கு பத்திரங்கள், நான்கு வாசல்கள்

பேச்சில் எல்லாவற்றையும் "லைசன்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் பிழையான அலுவலகத்தில் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. சாரதி அனுமதிப்பத்திரம். இது ஆளுக்கு உரியது. வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான அதன் பிரதான அலுவலகம் கொழும்புக்கு அருகில் வேரஹெரவில் இருக்கிறது. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்ட அலுவலகங்கள் உண்டு.

2. வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம். கண்ணாடியில் ஒட்டுவது, ஆண்டுதோறும் எடுப்பது. இதை வழங்குவது பிரதேச செயலகம். புகைப் பரிசோதனை கேட்கப்படுவது இதற்குத்தான்.

3. வாகனப் பதிவுச் சான்றிதழ். வாகனம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டுவது.

4. காப்புறுதிச் சான்றிதழ்.

இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது. பிரதேச செயலகத்தில் இரண்டாவதைப் புதுப்பித்துவிட்டு, "லைசன்ஸ் எடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர் வீட்டில் இருந்தால் இப்போதே அவருடைய அட்டையை வாங்கிப் பாருங்கள்.

அட்டையை வாசிக்கும் விதம்

இன்று புழக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் அட்டையில் விபரங்களுக்கு முன்னால் சிறிய எண்கள் இருக்கும். 3 என்றால் பிறந்த திகதி. 4ஏ என்றால் அட்டை வழங்கிய திகதி, 4பி என்றால் முடிவுத் திகதி. 5 என்பது லைசன்ஸ் இலக்கம். 8 என்பது முகவரி. படத்துக்குப் பக்கத்தில் இவற்றைப் பார்த்ததும் பெரும்பாலானோர் அட்டையைப் பையில் வைத்துவிடுகிறார்கள்.

அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். இடது ஓரத்தில் வாகனத்தின் சிறு படமும் எழுத்தும், அடுத்து அந்த வகைக்கு அனுமதி தொடங்கிய திகதி, அதற்கடுத்து முடியும் திகதி. எழுத்து மிகச் சிறியது. நாற்பது வயதைத் தாண்டியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. திகதி எழுதப்பட்ட வரிசைகள் மட்டுமே உங்களுக்கு அனுமதிக்கப்பட்டவை.

2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு வந்த வகைப்பிரிப்பு சுருக்கமாக இது:

ஏ1: 100 சிசி வரையான மோட்டார் சைக்கிள். ஏ: அதற்கு மேற்பட்டது.
பி1: முச்சக்கரவண்டி.
பி: கார், வான், பிக்கப் போன்றவை. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு உட்பட்டு, சாரதியோடு சேர்த்து 9 ஆசனத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும்.
சி1: 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறி. சி: அதற்கும் மேல். சிஈ: இழுவைப் பெட்டியுடன் கூடிய கனரக லொறி.
டி1: 33 ஆசனம் வரையான பஸ். டி: அதைவிடப் பெரியது.
ஜி1: இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம், அதாவது நாம் லான்ட்மாஸ்டர் என்று சொல்வது. ஜி: நான்கு சில்லு உழவு இயந்திரம், பெட்டி பூட்டியும் பூட்டாமலும்.
ஜே: பெக்கோ போன்ற விசேட வேலைக்கான வாகனங்கள்.

இதில் வன்னிக்கு முக்கியமானவை இரண்டு இடங்கள். ஒன்று ஜி வரிசை. வயலுக்குள் உழுவதற்கு யாரும் லைசன்ஸ் கேட்பதில்லை. ஆனால் நெல் மூடைகளை ஏற்றிய பெட்டியோடு ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளத்துக்கு வீதியில் இறங்கிவிட்டால் அது வீதியில் ஓடும் வாகனம். கார் ஓட்டத் தெரியும், பி இருக்கிறது, ஆகவே உழவு இயந்திரமும் ஓட்டலாம் என்று ஊகிக்காதீர்கள். ஜி வரிசையில் திகதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். புதுப்பிக்கப் போகும்போதும் பழைய அட்டையில் ஜி இருந்தால் புதிய அட்டையிலும் அது வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அட்டை கிடைத்த அன்றே சரிபார்த்து முறையிடுவது ஒரு பயணம். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் விளக்கக் கடிதம், பழைய அட்டையின் பிரதி என்று அலைச்சல் நீளும்.

மற்றது வான். பாடசாலைப் பிள்ளைகளையும் மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களையும் ஏற்றும் உயரக்கூரை வான்களில் 14, 15 ஆசனங்கள் உண்டு. அது 9 ஆசன எல்லையைத் தாண்டியது. அதை ஓட்டப் பி போதாது, டி1 வேண்டும். டி1 வந்த உடனே காலக்கணக்கும் மாறிவிடுகிறது. அதுதான் அடுத்தது.

எட்டு ஆண்டும் நான்கு ஆண்டும்

இலகு வாகன வகைகளுக்கு அனுமதி 8 ஆண்டு. சி, டி வரிசைகளில் வரும் கனரக வகைகளுக்கு 4 ஆண்டு. பயணிகளையும் பாரத்தையும் சுமப்பவரின் கண், காது, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே இந்த வேறுபாட்டின் நியாயம். அது சரியான நியாயம். எட்டு ஆண்டில் ஒருவரின் பார்வை எவ்வளவு மாறும் என்பது வீட்டில் சீனி வருத்தம் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஒரு உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் 2022 மே மாதம் அட்டை எடுத்தார். ஏ, பி, டி1 மூன்றும் அதில் உண்டு என்று வைப்போம். ஏ, பி இரண்டும் 2030 மே வரை. டி1 மட்டும் 2026 மே வரை. 2026 ஜூனில் அவர் மோட்டார் சைக்கிளில் போனால் பிழையில்லை. அதே நாள் காலையில் பாடசாலை வானை எடுத்தால், அந்த வானுக்கு அவரிடம் அனுமதி இல்லை. கையில் இருப்பது ஒரே அட்டைதான், ஆனால் ஏறும் வாகனத்தைப் பொறுத்து அது செல்லும் அல்லது செல்லாது.

இதனால் ஒரு சின்ன வேலையை இன்றே செய்யலாம். பின்பக்கத்தில் மிக முந்தி முடியும் திகதியை எடுத்து, அதிலிருந்து மூன்று மாதத்தைக் கழித்து, வீட்டுக் கலண்டரில் எழுதுங்கள். வாகன முதலாளிகள் தம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொரு சாரதியின் அந்தத் திகதியையும் கொப்பியில் குறித்து வைத்திருக்க வேண்டும். சாரதி மறந்தால் வாகனமும் முதலாளியும் சேர்ந்தே நீதிமன்றம் போவார்கள்.

மருத்துவச் சான்றிதழ்

புதுப்பிக்கும்போது எழுத்துப் பரீட்சையோ ஓட்டப் பரீட்சையோ இல்லை. ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது ஏற்கனவே முடிந்த விடயம். இப்போதும் ஓட்டக்கூடிய உடல்நிலை இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை தேசியப் போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ். குடும்ப வைத்தியர் தரும் கடிதம் இதற்குப் பதிலாகாது.

சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து 6 மாதம் செல்லும். இங்கேதான் இரண்டாவது காலக்கணக்கு ஓடுகிறது. லைசன்ஸ் முடிய எட்டு மாதம் இருக்கும்போதே மருத்துவத்தை முடித்து வைத்துவிட்டு, விண்ணப்பத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், விண்ணப்பிக்கும் நாளில் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். கட்டணமும் ஒரு நாளும் வீண். மருத்துவமும் விண்ணப்பமும் இரண்டு மூன்று கிழமைக்குள் அடுத்தடுத்து நடக்கும்படி திட்டமிடுங்கள்.

அங்கே பார்ப்பவை உயரம், நிறை, தூரப்பார்வை, நிறம் பிரித்தறிதல், செவிப்புலன், இரத்த அழுத்தம், கை கால்களின் இயக்கம் போன்றவை. இதில் தடுமாற வைப்பவை பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை.

1. கண்ணாடியை வீட்டில் விட்டுப் போவது. வாசிக்க மட்டும் போடும் கண்ணாடி, தூரம் பார்க்கப் போடும் கண்ணாடி என்று இரண்டு இருந்தால் இரண்டையும் கொண்டுபோங்கள். எழுத்துப் பலகை தூரத்தில் இருக்கும். கண்ணாடியோடுதான் பார்வை சரி என்றால் அது அட்டையில் ஒரு நிபந்தனையாகப் பதியப்படும். அதற்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது அந்த நிபந்தனையை மீறுவது.

2. பிரஷர் குளிசையை அன்று காலை விட்டுவிடுவது. "சோதிக்கப் போறம், வெறும் வயிற்றோட போவம்" என்று குளிசையையும் சேர்த்துத் தவிர்க்கிறார்கள். விடியற்காலை நெடுங்கேணியிலிருந்தோ வெள்ளாங்குளத்திலிருந்தோ பஸ் ஏறி, நித்திரையும் இல்லாமல், வரிசையில் நின்ற பிறகு அளக்கும் அழுத்தம் இயல்பாகவே ஏறியிருக்கும். வழமையான குளிசையை வழமையான நேரத்தில் போடுங்கள். போனதும் கொஞ்ச நேரம் இருந்து ஆறுங்கள்.

3. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகாதது. சீனி, பிரஷர், வலிப்பு, இருதயம் என்று எதற்காவது மருந்து எடுப்பவர் அதை மறைக்கக்கூடாது. கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைக் கொப்பியில் உள்ள அளவுகள்தான் வைத்தியருக்குக் காட்டும். கொப்பி இல்லாவிட்டால் நிபுணரின் கடிதத்தோடு மறுபடி வரச் சொல்ல இடமுண்டு.

4. அடையாள அட்டையின் மூலப்பிரதியும் இப்போதைய லைசன்ஸும் இல்லாமல் போவது. சான்றிதழ் ஆளை அடையாளம் கண்டே எழுதப்படும்.

போரில் காயப்பட்டவர்கள் இந்த இடத்தில் வீணாகப் பயப்படுகிறார்கள். உடம்பில் எறிகணைத் துண்டு இருப்பதோ ஒரு விரல் இல்லாததோ மட்டுமே ஒருவரை விலக்கிவிடாது. அந்த வாகனத்தைப் பாதுகாப்பாகக் கையாள முடிகிறதா என்பதையே வைத்தியர் பார்ப்பார். சத்திரசிகிச்சை அட்டை, கண் கிளினிக் கடிதம், செயற்கைக் கால் பொருத்திய இடத்தின் பத்திரம் என்று கையில் உள்ளவற்றை ஒரு உறையில் ஒழுங்காக வைத்துக்கொண்டு போங்கள். முன்னைய லைசன்ஸ் எடுத்த பிறகு காயம் ஏற்பட்டிருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரு விபத்து நடந்தால் மறைத்த விடயம்தான் உங்களுக்கு எதிராக எழுந்து நிற்கும்.

போகும் முன் நாளும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கிளைகளிலும் எல்லா நாளும் பரிசோதனை நடக்கும் என்று நம்பிப் புறப்படக்கூடாது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம். கட்டணமும் காலத்துக்குக் காலம் மாறுவதால் அதையும் அதே அழைப்பில் கேளுங்கள்.

விண்ணப்பம்

எடுத்துச் செல்ல வேண்டியவை: இப்போதைய லைசன்ஸ், தேசிய அடையாள அட்டை, 6 மாதத்துக்கு உட்பட்ட மருத்துவச் சான்றிதழ், இவற்றின் போட்டோக் கொப்பிகள், பூரணப்படுத்திய விண்ணப்பம், கட்டணம். லைசன்ஸைக் கொப்பி எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் எடுக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கடை தேடி ஓடுவது தினமும் நடக்கிறது.

வழிகள் இரண்டு. சாதாரண சேவையில் விண்ணப்பத்தைக் கையளித்ததும் தற்காலிகப் பத்திரம் தருவார்கள், அட்டை பிறகு தபாலில் வரும். ஒருநாள் சேவையில் வேரஹெரவுக்குப் போய் அன்றே அட்டையோடு திரும்பலாம். அதற்குக் கட்டணம் கூட, முன்பதிவும் கேட்கப்படும்.

ஒருநாள் சேவை என்ற பெயர் வன்னியில் இருப்பவரை ஏமாற்றிவிடும். வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்தோ பூநகரியிலிருந்தோ இன்னும் பல மணித்தியாலம் கூட. முதல் நாள் இரவே புறப்பட்டு, அடுத்த நாள் வரிசையில் நின்று, அன்றிரவு பஸ்ஸில் திரும்பினால் இரண்டு நாள் போய்விடும். கூலிக்கு வாகனம் ஓட்டுபவருக்கு அது இரண்டு நாள் வருமானம். நாட்கள் கையில் இருக்கும்போது மாவட்ட அலுவலகத்தின் சாதாரண சேவையே பெரும்பாலானோருக்குப் பொருத்தம் என்பது எமது தெளிவான கருத்து. வேரஹெர என்பது வெளிநாடு போக அவசரமாக அட்டை தேவைப்படுபவருக்கும் காலம் கடந்து மாட்டிக்கொண்டவருக்கும் உரிய வழி.

அலுவலக வாசலில் "நான் முடிச்சுத் தாறன்" என்று வரும் தரகரிடம் மூல அடையாள அட்டையையும் பழைய லைசன்ஸையும் கொடுக்காதீர்கள். படத்துக்கும் கையொப்பத்துக்கும் நீங்களேதான் நேரில் நிற்க வேண்டும். மிச்சம் இருப்பது படிவம் நிரப்புவது மட்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண். படிவத்தைத் தமிழில் நிரப்பவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது.

பெயரும் முகவரியும்

வன்னியில் விண்ணப்பங்கள் சிக்குவது அதிகம் இங்கேதான். பல தடவை இடம்பெயர்ந்து, பத்திரங்களைத் தொலைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு ஆண்டில் மறுபடி எடுத்த குடும்பங்கள் இவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பழைய லைசன்ஸில் வேறொன்று. சிவகுமார் என்பவரின் பெயர் ஒரு பத்திரத்தில் 'குமார்', மற்றதில் 'குமரன்' என்று இருக்கும். தகப்பன் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றதில் முழுமையாகவும் வரும்.

திணைக்களம் அடிப்படையாக எடுப்பது தேசிய அடையாள அட்டையை. ஆகவே வரிசை முக்கியம்.

1. அடையாள அட்டையில் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும் வேலை அது. நாள் எடுக்கும். லைசன்ஸ் முடிய ஆறு மாதம் இருக்கும்போதாவது தொடங்குங்கள்.

2. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து வித்தியாசம் இங்கே யாருக்கும் தெரியாது. கட்டாரில் சாரதி வேலைக்குப் போனவருக்கு அது தெரியும்.

3. பழைய 9 இலக்கமும் ஆங்கில எழுத்தும் கொண்ட அடையாள அட்டைக்குப் பதிலாக 12 இலக்க அட்டை எடுத்தவர், பழைய அட்டையின் பிரதி இருந்தால் அதையும் கொண்டுபோவது நல்லது. பழைய லைசன்ஸில் இருப்பது பழைய இலக்கம். இரண்டும் ஒரே ஆள் என்பதை உடனே காட்டிவிடலாம்.

முகவரி பெயரைவிடச் சின்ன விடயம் போலத் தெரியும், ஆனால் அட்டை வந்து சேராமல் போவது இதனால்தான். முகாமில் இருந்தபோது எடுத்த பத்திரத்தில் வவுனியா முகவரி, இப்போது இருப்பது மீள்குடியேறிய புதுக்குடியிருப்பில் என்று பலருக்கு இருக்கிறது. புதுப்பிக்கும்போது முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கட்டும்.

எழுதும்போது "2ஆம் வட்டாரம், புதுக்குடியிருப்பு" என்று நிறுத்தாதீர்கள். வீட்டு இலக்கம் இல்லாத காணிகள் நிறைய. வீதி அல்லது குடியேற்றத் திட்டத்தின் பெயர், கிராமம், கடிதம் வரும் உபதபாலகம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அட்டை பதிவுத்தபாலில் வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தபாலகத்தில் சில நாட்கள் வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். விண்ணப்பித்த பிறகு கிழமைக்கு ஒரு தடவை உபதபாலகத்தில் கேளுங்கள். வயல் வாடியில் தங்குபவர்களும் கடலுக்குப் போய் நாட்கணக்கில் கரையில் இல்லாதவர்களும் இதை வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

தற்காலிகப் பத்திரம்

அது கடதாசிதான் என்றாலும் அதில் எழுதிய திகதி வரை முழுமையான லைசன்ஸ். பொலிஸார் அதை ஏற்கத்தான் வேண்டும். மூன்றாவது காலக்கணக்கு இதில் இருக்கிறது. அட்டை வரும் முன் கடதாசியின் காலம் முடிந்தால் அடுத்த நாள் உங்களிடம் ஒன்றுமில்லை. முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே அலுவலகத்தில் நீடிப்புக் கேளுங்கள். சட்டைப் பையில் மடித்து வைத்தால் வியர்வையிலும் மழையிலும் எழுத்து கரையும், மடிப்பில் கிழியும். பிளாஸ்டிக் உறைக்குள் மடிக்காமல் வைத்து, போனிலும் படம் எடுத்து வையுங்கள். படம் பத்திரத்துக்கு ஈடாகாது, ஆனால் தொலைந்தால் இலக்கத்தைச் சொல்ல அதுதான் உதவும்.

காலம் கடந்து ஓட்டினால்

லைசன்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தவரும் காலம் முடிந்த லைசன்ஸை வைத்திருப்பவரும் ஒன்றல்ல. முதலாமவரிடம் அனுமதி உண்டு, காட்டத்தான் முடியவில்லை. இரண்டாமவரிடம் அந்த நேரத்தில் அனுமதியே இல்லை என்று வழக்கு எழுத இடமுண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனம் செலுத்துவதற்கான குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபா. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்து ஓட்டவிட்ட முதலாளிக்கும் தனியாகக் குற்றம் உண்டு.

தண்டத்தைவிடப் பெரிய ஆபத்து காப்புறுதி. காப்புறுதி ஒப்பந்தத்தில் "சாரதி" என்ற பகுதியை எடுத்து வாசியுங்கள். வாகனத்தை ஓட்டுபவர் அந்த வகைக்குரிய அனுமதிப்பத்திரம் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில்தான் இருக்கும். சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அந்த நிபந்தனை மீறப்பட்டால் உங்கள் வாகனச் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்க அவர்களுக்கு வழி கிடைக்கிறது. லீசிங்கில் எடுத்த ஓட்டோ உடைந்து, காப்புறுதியும் இல்லை என்றாகி, மாதக் கட்டுப்பணம் மட்டும் தொடர்ந்தால் ஒரு குடும்பம் எங்கே போகும்? ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும் இடங்களையும், யானை கடக்கும் இடங்களையும் அறிந்த யாரும் விபத்து தமக்கு வராது என்று சொல்லமாட்டார்கள்.

வழமைக்கு மாறான நிலைமைகள்

லைசன்ஸ் பொலிஸில் இருக்கும்போது காலம் முடிவது. உடனடித் தண்டப் பத்திரம் 14 நாள் தற்காலிக அனுமதியாகச் செல்லும். அந்த 14 நாளுக்குள் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை மீட்க வேண்டும். 14 நாளைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் இரட்டிப்புத் தொகை. அதையும் தாண்டினால் நீதிமன்றம். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போய் அங்கே தண்டம் எழுதப்பட்டவர், வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் பொலிஸ் நிலையத்துக்கே திரும்பப் போகவேண்டி வரும். புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

தொலைந்த லைசன்ஸ். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுங்கள். காலமும் முடிந்திருந்தால் அதோடு மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

2009க்கு முற்பட்ட, முடிவுத் திகதி இல்லாத பழைய பத்திரம். பெரியவர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. திகதி இல்லை என்பதால் என்றைக்கும் செல்லும் என்று வைத்திருக்காமல், மருத்துவச் சான்றிதழோடு போய்ப் புதிய அட்டையாக மாற்றுவதே பாதுகாப்பு.

புதிய வகை சேர்ப்பது. ஓட்டோ ஓட்டியவர் பஸ் ஓட்ட விரும்பினால் அது புதுப்பித்தல் அல்ல. பயிலுநர் அனுமதியும் ஓட்டப் பரீட்சையும் உண்டு. கனரக வகைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச அனுமதி. கொழும்பிலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் வழங்குகிறது. செல்லுபடியாகும் உள்ளூர் லைசன்ஸ் இருந்தால்தான் கிடைக்கும், அதன் காலம் ஒரு ஆண்டு.

எப்போது போவது

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் செப்ரெம்பர், ஒக்ரோபரிலும், அரிவி வெட்டும் நெல் ஏற்றுதலும் நடக்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரையும் உழவு இயந்திரச் சாரதிக்கும் லொறிச் சாரதிக்கும் ஒரு நாளும் ஓய்வில்லை. அந்த மாதங்களில் லைசன்ஸ் முடிபவர், "வெட்டு முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறார். வீதியில் நெல் லொறிகள் கூடி, பொலிஸ் சோதனையும் கூடும் காலம் அதுதான். பெப்ரவரியில் முடியும் லைசன்ஸுக்கு நவம்பரில் மருத்துவம், அதே மாதத்தில் விண்ணப்பம் என்று வைத்தால், முதல் வெட்டுக்கு மிசின் இறங்கும் முன் அட்டை கையில் இருக்கும். விதைப்பு முடிந்து, மழை பெய்து, வயலில் பசளை போடும் வரை கொஞ்சம் மூச்சு விடக்கூடிய நாட்கள் அவை.